பழைய காரின் மைலேஜைக் கூட்ட முடியுமா? எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

அப்பா வாங்கிய சான்ட்ரோ. வயது 17. வீடு மயிலாப்பூரில், ஆபீஸ் தரமணியில். லஸ் கார்னரில் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சந்துகளில் ஊர்ந்து, மந்தைவெளி தாண்டி, திரு.வி.க. பாலம் ஏறி அடையாறு சிக்னலைக் கடப்பதற்குள் பெட்ரோல் முள் ஒரு கோடு இறங்கிவிடுகிறது. "இது 15, 16 குடுத்த வண்டிடா" என்று அப்பா இன்னமும் சொல்கிறார். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 10 கி.மீ. தாண்டவில்லை.

புது கார் வாங்க இஎம்ஐ போட மனசில்லை. பழையதை விற்கவும் மனசில்லை. அடுத்து வருவது மெக்கானிக் கடை உரையாடல்தான்.

"அண்ணே, மைலேஜ் ரொம்ப கம்மியா இருக்கு, ஏதாவது பண்ண முடியுமா?"

"கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழட்டிடலாம் தம்பி. பிக்கப்பும் வரும், மைலேஜும் வரும். இல்லனா கேஸ் கிட் போட்டுடு, பாதி செலவுதான்."

இந்த இரண்டு யோசனைகளில் ஒன்று சட்டவிரோதம். இன்னொன்று சரியானதுதான், ஆனால் எல்லோருக்கும் லாபம் தராது. பழைய காரில் எதைச் செய்தால் உண்மையிலேயே பெட்ரோல் மிச்சமாகும்? எதைச் செய்தால் காசும் போய், ஆர்.சி.யும் சிக்கலாகும்?

முதல் வேலை: உண்மையான மைலேஜ் எவ்வளவு?

பெட்ரோல் முள்ளை நம்பக் கூடாது. பழைய கார்களில் அது பெரும்பாலும் சுமாராகத்தான் காட்டும். சரியான வழி, டேங்க்கிலிருந்து டேங்க் கணக்கு. பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். 250, 300 கி.மீ. ஓட்டிய பிறகு அதே பங்க்கில், அதே போல ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள்.

டயர் சைஸை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கும் தப்பும். கம்பெனி டயரைவிடப் பெரிய விட்டமுள்ள டயர் போட்டால் சக்கரம் சுற்றும் எண்ணிக்கை குறையும், மீட்டர் குறைவான தூரத்தைக் காட்டும். சின்ன டயர் போட்டால் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். அகலமான டயருக்கு உருளும் தடையும் எடையும் அதிகம் என்பதால் மைலேஜ் நிஜமாகவே குறையும்.

எல்லாப் பழியும் கார் மேலா?

இல்லை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் பெரும்பாலும் 'இ20', அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது இயற்பியல்.

எவ்வளவு இறங்கும்? பழைய நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் எத்தனால் திட்ட அறிக்கை மதிப்பிட்டது. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில், இ20-க்காக டியூன் செய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்றது. இ20-க்கு எதிரான பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆக, அந்தக் காலத்தில் 15 கொடுத்த கார், நல்ல நிலையில் இருந்தாலும் இன்று 14-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். ஆனால் 10-க்கு இறங்கியதற்கு எத்தனால் காரணம் அல்ல. வண்டியில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது, அல்லது போக்குவரத்து நெரிசல் தின்கிறது.

இ20 விஷயத்தில் மைலேஜைவிட முக்கியமானது பாதுகாப்பு. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பானெட் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே ஃபியூயல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைலேஜைத் திருடுவது எது?

பழைய காரில் மைலேஜ் கூட்டுவது என்பது பெரும்பாலும் புதிதாக எதையாவது சேர்ப்பதல்ல. முன்பு இருந்த நிலைக்குத் திருப்புவது. மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லலாம்.

தெர்மோஸ்டாட் வால்வு: இது நம்மூர்ப் பிரச்சினை. "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. என்ஜின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். 'வண்டி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று நினைத்து ஈசிஎம் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு 4, 5 கி.மீ. மட்டும் ஓடும் காருக்கு இது பெரிய அடி. அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால் சந்தேகப்படலாம்.

ஆக்சிஜன் சென்சார்: புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் பாகம். இது பழுதானால் கலவை கெட்டியாகிவிடும். சைலன்சர் முனையில் கரி படியும். இதுபோன்ற பெரிய கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஓபிடி எனப்படும் கோளாறு காட்டும் வசதி இந்தியாவில் 2010-க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார் என்றால் ஆன்லைனில் வாங்கும் மலிவு ஸ்கேனர் பேசாமல் போகலாம். அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

பிரேக் பிடித்துக்கொள்வது: சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பிரேக் காலிப்பர் பின்களைத் துருப்பிடிக்க வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் வீல் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். சோதனை எளிது. சமமான தரையில் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத் தள்ளுங்கள். சின்ன கார் ஒருவர் தள்ளினாலே நகர வேண்டும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு வீல் பக்கம் மட்டும் அனல் அடித்தால், அந்த பிரேக் முழுசாக விடுபடவில்லை.

டயர் காற்று: டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 10 பிஎஸ்ஐ குறைவாக ஓடும் கார்கள் நம் தெருவிலேயே உண்டு. நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் தனியாக ஏறாது, காற்று மெதுவாகக் குறையும், அவ்வளவுதான்.

ஸ்பார்க் பிளக், ஆயில், ஏர் ஃபில்டர்: கம்பெனி சொன்ன கிரேடு ஆயில் ஊற்றினாலே 1 முதல் 2 சதவீதம் வித்தியாசம் வரும். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஏர் ஃபில்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. அம்பாசடர், பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும். இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் பெரிதாக மாறாது, பிக்கப்தான் கூடும். அதனால் விலை உயர்ந்த 'ஃப்ரீ ஃப்ளோ' ஃபில்டர் வாங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்க முடியாது.

பாகங்களை எங்கே வாங்குவது? ஜி.பி. ரோட்டில் புதியது, புதுப்பேட்டையில் பழையது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, பம்பர் வாங்கலாம். சென்சார், பிரேக் பாகங்கள், ஃபியூயல் ஹோஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

பணக் கணக்கு என்ன சொல்கிறது?

வருஷத்துக்கு 6,000 கி.மீ. ஓடும் கார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் 10 என்றால் 600 லிட்டர், 60,000 ரூபாய். மேலே சொன்ன வேலைகளை முடித்து மைலேஜ் 13-க்கு வந்தால் சுமார் 461 லிட்டர், 46,150 ரூபாய். மிச்சம் ஏறக்குறைய 13,850. இந்த வேலைகளுக்கு 12,000 ரூபாய் செலவானாலும் ஒரே வருஷத்தில் திரும்பிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1,000 கி.மீ. ஓட, மைலேஜ் 10-லிருந்து 12-க்கு ஏறினால் சுமார் 17 லிட்டர் மிச்சம். அதே 2 கி.மீ. முன்னேற்றம் 18-லிருந்து 20-க்கு என்றால் 6 லிட்டர்கூட மிச்சமில்லை. நோஞ்சான் வண்டியைத் தேற்றுவதில்தான் காசு இருக்கிறது.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மைலேஜுக்கான பெரிய மாற்றம் என்றால் டீசல் என்ஜின்தான். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகமாக இருந்த 1980, 90-களில் அம்பாசடரின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றுவது சகஜம். இன்று அப்படி நினைத்தபடி செய்ய முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதே 52-வது பிரிவு, வேறு எரிபொருளுக்கு மாறுவதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி எல்லாம் இதில் வரும். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகத்தைப் போடுவது பராமரிப்பு, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மெக்கானிக் சொன்ன கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்? கழற்றினால் புகைச் சோதனையிலும், 15 வருஷத்துக்குப் பிறகு ஆர்.சி. புதுப்பிக்கும்போது எஃப்.சி.யிலும் மாட்டிக்கொள்ளும். அது அடைத்திருந்தால்தான் மைலேஜைக் குறைக்கும். அப்போதும் தீர்வு மாற்றுவதுதான், கழற்றுவதல்ல.

சிஎன்ஜி கிட் போட்டால் லாபமா?

2019-ல் எண்ணூர் எல்என்ஜி முனையம் வந்த பிறகு சென்னையில் சிஎன்ஜி பங்க்குகள் பெருகத் தொடங்கின. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் டோரன்ட் கேஸ் நிறுவனம் விநியோகிக்கிறது. ஒரு கிலோ சிஎன்ஜி ஓடும் தூரம், அதே காரில் ஒரு லிட்டர் பெட்ரோலைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருக்கும்.

நம் சான்ட்ரோவுக்கே கணக்குப் போடலாம். பெட்ரோலில் 13 என்றால் சிஎன்ஜியில் கிலோவுக்கு சுமார் 17.5 கி.மீ. கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 6,000 கி.மீ.க்கு சுமார் 30,900 ரூபாய். தேற்றிய பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு மிச்சம் 15,250. கிட்டுக்கு 50,000 ரூபாய் ஆனால், போட்ட காசு திரும்ப மூன்றேகால் வருஷம் ஆகும். 17 வயது காரின் ஆர்.சி.க்கு மிச்சம் இருப்பதோ 3 வருஷம். 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரி தனி.

ஆனால் அடையாறிலிருந்து தினமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய் வந்து, வருஷத்துக்கு 18,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அதே கிட் 13, 14 மாதத்தில் காசைத் திருப்பித் தரும். வண்டியின் வயதைவிட, ஓடும் தூரம்தான் முடிவு செய்கிறது.

போடுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

1. உங்கள் காரின் என்ஜின் அளவுக்கும் பிஎஸ் நிலைக்கும் அங்கீகாரம் பெற்ற கிட்டா என்று சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கிட் போடும் மையத்துக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும்.

2. மாற்றிய 14 நாட்களுக்குள் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்ற வேண்டும். டிஎன் 06 என்றால் மந்தைவெளி, 07 என்றால் திருவான்மியூர், 09 என்றால் கே.கே.நகர்.

3. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி பாலிசியில் சேருங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும்போது கிளெய்ம் சிக்கலாகும்.

4. சிலிண்டரில் அழுத்தம் 200 பார் வரை இருக்கும். 3 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். சின்ன காரில் டிக்கி போய்விடும், எடையும் கூடும்.

5. கோளாறுள்ள என்ஜினில் கிட் போடாதீர்கள். முதலில் வண்டியைச் சரிசெய்யுங்கள், பிறகு கிட்.

வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து காரில் எரிவாயு ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அது உயிருக்கே ஆபத்து.

'மேஜிக்' கருவிகளை நம்பலாமா?

ஃபியூயல் லைனில் மாட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஹெச்ஹெச்ஓ கிட், டேங்க்கில் ஊற்றும் திரவம் என்று ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி 100-க்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஹெச்ஹெச்ஓ கிட் வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. தண்ணீரைப் பிரிக்கத் தேவையான மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெட்ரோல். எடுப்பதைவிடச் செலவு அதிகம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1996-ல் ராஜபாளையம் அருகே இருந்து வந்த ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னர் அந்த எரிபொருள் சென்னையில் விற்பனைக்கும் வந்தது. அது பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்று சிபிஐ வழக்குத் தொடர்ந்தது. 2016-ல் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

விலை கூடிய 'பிரீமியம்' பெட்ரோலும் மேஜிக் அல்ல. அதிக ஆக்டேன் தேவைப்படாத பழைய சாதாரண என்ஜினுக்கு அதனால் சொல்லும்படியான பலன் இல்லை.

செலவே இல்லாத வழிகள்

நின்றபடி ஓடும் என்ஜின் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். பாண்டி பஜார் பக்கம் பார்க்கிங் தேடும்போதும், ஸ்கூல் வாசலில் காத்திருக்கும்போதும் ஏ.சி.யோடு நின்றால் மைலேஜ் ஜீரோதான். ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டிய சிக்னலில் அணைத்துவிடலாம், பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

கடும் வெயிலில், குறுகிய தூரப் பயணத்தில் ஏ.சி. மைலேஜை 25 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம். நிழலில் நிறுத்துங்கள். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, உள்ளே இருக்கும் அனல் போன பிறகு ஏ.சி. போடுங்கள்.

ஜெமினி மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் காரில் கியரிலேயே இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால், பெட்ரோல் தெளிப்பதே தற்காலிகமாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் தொடர்ந்து செலவாகும். வண்டியின் கட்டுப்பாடும் குறையும்.

நெடுஞ்சாலையில் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வெளிநாடுகளில் காரின் வடிவத்தையே மாற்றிக் காற்றுத் தடையைக் குறைத்து மைலேஜ் எடுப்பவர்கள் உண்டு. அது 100 கி.மீ. வேகத்தில் போகும் சாலைகளுக்குப் பொருந்தும். ஆர்.கே. மடம் சாலையில் ஊர்ந்து போகும் காருக்குக் காற்று ஒரு பிரச்சினையே இல்லை.

எந்த வரிசையில் செய்வது?

இந்த வாரம் டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்க் நிரப்பி, கணக்கை ஆரம்பியுங்கள். மூன்று டேங்க் முடிந்ததும் கிடைத்த எண்ணோடு மெக்கானிக்கிடம் போங்கள். "மைலேஜ் கம்மி" என்று பொதுவாகச் சொல்லாமல், "தெர்மோஸ்டாட் இருக்கா, பிரேக் பிடிக்குதா, ஆக்சிஜன் சென்சார் என்ன காட்டுது?" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி மூன்று டேங்க் அளந்து பாருங்கள்.

அதன் பிறகும் மாத பெட்ரோல் செலவு கைக்கு அடங்கவில்லை, தினமும் ஓடும் தூரமும் அதிகம் என்றால் அப்போது சிஎன்ஜி பற்றி யோசிக்கலாம். ஆர்.சி.யை எடுத்து, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.